ஒரு பிள்ளைக்கு ஒரு தாய் என்ற விதி

என் மகள் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அக்காவிடம் இருந்த இரண்டு வருஷமும் நான் கொட்டகலையில் வேலை செய்தேன். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது அது. கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். மூன்று கணினி, ஒரு அலுமாரி, ரோட்டைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். கிழமை நாட்களில் அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் நுவரெலியாவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். ஞாயிறு மத்தியானம் திரும்பிவிடுவேன். கணவருக்குக் கொழும்பில் வேலை. மாதம் ஒரு தடவை வருவார். படித்த பெண் வீட்டில் சும்மா இருக்கக்கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேனா, சொன்னதைக் கேட்டேனா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை.

என்ன வேலை என்று அக்கா கேட்டபோது, தோட்டத்துப் பிள்ளைகளின் விவரங்களைக் கணினியில் பதிகிறேன் என்று சொல்லிவிட்டேன். முழுப் பொய் இல்லை. ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் மூன்று இடங்களில் பதிவு இருந்தது. கிளினிக்கில் ஒரு அட்டை. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஒரு கொப்பி. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பிறகு தோட்டத்துக் காரியாலயத்தில் குடும்பப் பதிவு. மூன்றையும் மூன்று தரப்பு தனித்தனியாக இணையத்தில் ஏற்றியிருந்தது. ஒன்றில் ‘தாய்’ என்று ஒரு நிரல். இன்னொன்றில் ‘அம்மாவின் பெயர்’. மூன்றாவது ஆங்கிலத்தில். வாசிக்கிற மனிதருக்கு மூன்றும் ஒன்றுதான். கணினிக்கு மூன்றும் வெறும் எழுத்து. அந்த நிரலில் இருப்பது ஒரு மனுஷியின் பெயர், ஊரின் பெயரோ மருந்தின் பெயரோ அல்ல என்பதுகூட அதற்குத் தெரியாது.

அதைத் தெரியப்படுத்துவதுதான் என் வேலை. என்னென்ன இருக்கின்றன, எது எதற்கு என்ன உறவு என்று முதலில் எழுதவேண்டும். ஆள் என்று ஒரு வகை. பெண் அதற்குள் ஒரு வகை. பிள்ளையும் அதற்குள் ஒரு வகை. ‘தாய்’ என்பது பிள்ளையில் தொடங்கி ஒரு பெண்ணில் முடியும் உறவு. ஒரு குடும்பம் இருக்கும் ஒற்றை அறையான காம்பரா வரிசை வீடான லயத்துக்குள் இருக்கிறது, லயம் தோட்டத்துக்குள் இருக்கிறது, ஆகவே காம்பராவில் தூங்குகிறவர் தோட்டத்தில் தூங்குகிறார். இப்படி எழுதிவைத்தால் நாம் எழுதாததையும் கணினி தானே கண்டுகொள்ளும். மூன்று இடத்துப் பதிவுகளையும் ஒரே பிள்ளையைப் பற்றிய பேச்சாக வாசிக்கும். இந்த எழுத்துக்கு ஒன்டொலஜி என்று பெயர். தமிழில் என்ன சொல்வது என்று சேரிடம் கேட்டேன். முதலில் எழுதும், பெயர் பிறகு வைக்கலாம் என்றார்.

சேர்தான் எங்கள் பொறுப்பதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர். பல்கலைக்கழகத்திலிருந்து இந்தத் திட்டத்துக்காக வந்திருந்தார். சத்தம்போட்டுப் பேசமாட்டார். சண்டை நடந்த அந்த வருஷங்களில் அவரிடம் வீட்டைப் பற்றி நாங்கள் யாரும் கேட்பதில்லை.

எங்கள் வேலையால் வெளியே போன பொருள் ஒன்றே ஒன்று. மாதத்துக்கு ஒரு பட்டியல். தாய் உடனில்லாத பிள்ளைகளின் பட்டியல். தாய் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போயிருப்பாள், அல்லது கொழும்பில் யாரோ வீட்டில் இருப்பாள். அந்தப் பிள்ளைகளை மட்டும் மருத்துவ மாது லயத்துக்கே போய் நிறுத்துப் பார்ப்பார், சத்துமா கொடுப்பார். மற்றப் பிள்ளைகளைத் தாய் கிளினிக்குக்குக் கொண்டுவருவாள் என்பது கணக்கு. முன்பு இந்தப் பட்டியலை மருத்துவ மாதுமாரே கையால் எழுதினார்கள். நாங்கள் வந்த பிறகு கணினி முடிவு செய்தது. பிள்ளையின் தாய் அதே காம்பராவில் தூங்கினால், அது தாயோடு இருக்கும் பிள்ளை. அப்படி முடிவானவர்களைக் கழித்தால் மீதிப்பேர் பட்டியலில்.

ஒரு திங்கட்கிழமை ‘தாய்’ என்ற உறவுக்கு ஒரு விதி சேர்த்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு தாய்தான். அதற்கென்று திரையில் ஒரு சின்னப் பெட்டி உண்டு, அதில் சரி போட்டால் போதும். வழிகாட்டிக் கொப்பியில் உதாரணமாகக் கொடுத்திருந்ததும் இதே விதிதான். முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது மகள் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நான் நின்றேன். அவள் என்னைத் தாண்டிப்போய், வாசலில் நின்ற அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு “அம்மா” என்று அழுதாள். அதனால்தான் அந்தப் பெட்டியில் சரி போட்டேனா, கொப்பியில் இருந்ததால் போட்டேனா என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். கொப்பியில் இருந்தது. அதுவே போதுமான காரணம். சேரும் பார்த்துவிட்டு, சரியாத்தான் கிடக்கு என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த விதியை மீறினால் கணினி பிழை என்று சொல்லாது. ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய் எழுதப்பட்டிருந்தால், அப்படியானால் இந்த இரண்டு பேரும் ஒரே ஆளாகத்தான் இருக்கவேண்டும் என்று எடுத்துக்கொள்ளும். பெயர் வேறாக இருப்பதால் ஆள் வேறு என்று அது நினைப்பதில்லை. இணையத்தில் ஒரே ஆளை நாலு இடத்தில் நாலு பெயரில் எழுதியிருப்பார்கள் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள்.

இதை சேர் எனக்கு விளக்கியபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இரண்டு பெயர். பதிவில் ஒன்று, லயத்தில் ஒன்று. என் அம்மாவின் பதிவுப் பெயரை அடையாள அட்டை எடுக்கும்போதுதான் நானே முதல்முதலாகக் கேட்டேன். சேரிடம் சொன்னேன். “அப்ப உங்கட ஆக்களுக்கு இது நல்லாப் பொருந்தும்” என்றார்.

பொருந்தியது. முதல் மாதமே நிறையப் பெண்களை அது சரியாகச் சேர்த்துவைத்தது. கிளினிக் அட்டையில் பதிவுப் பெயரும் பிள்ளைக்காம்பராவில் கூப்பிடும் பெயரும் இருந்தவர்கள் ஒரே ஆளானார்கள். நான் சிலரைச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. பிறகு சேர்த்தவர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை. இரண்டு பெயர் ஒன்றாகச் சேர்ந்து வந்தால், ஓ, இது வீட்டுப் பெயர் என்று நினைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனேன். பட்டியல் சிறியதாகிக்கொண்டு வந்தது. அதைத் திட்டத்தின் பயன் என்று காலாண்டு அறிக்கையில் எழுதினோம். நான்தான் எழுதினேன்.

ஐந்து மாதம் கழித்து வட்டகொடைப் பக்கத்து மருத்துவ மாது அலுவலகத்துக்கு வந்தார். நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். என்னைப் போலத் தோட்டத்து ஆள்தான், ஐம்பது வயதிருக்கும். மழையில் நனைந்த குடையை மடக்காமலே கதவுக்குள் நின்றார். கையில் ஒரு கிளினிக் அட்டை. மூன்று வயதுப் பெண் பிள்ளை ஒன்றின் அட்டை.

“உங்க கொம்பியூட்டரு இந்தப் புள்ளயோட அம்மாவ எப்ப ஊருக்குக் கூட்டியாந்துச்சு?” என்று கேட்டார். “பிளேன்ல ஏத்திவிட்ட எங்களுக்கே தெரியலயே.”

நான் எழுந்து நின்றேன். அவர் சொன்னார்: தாய் குவைத்துக்குப் போய் ஒன்றரை வருஷம். பிள்ளை சின்னம்மாவிடம். போன வருஷம் கையால் எழுதிய பட்டியலில் இருந்த பிள்ளை இந்த வருஷம் இல்லை. தாய் வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று மிஸ்ஸியும் நினைத்து அந்த லயத்துக்குப் போகவில்லை. நேற்றுக் காய்ச்சலோடு கிளினிக்குக்குத் தூக்கிவந்தபோது பார்த்தால் பழைய சட்டையே பெரிதாக இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு வயதின் நிறைகூட இல்லை. ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தும், கொழுந்து அதிகம் வரும் நாளில் வேலையை விடமுடியாது என்று சின்னம்மா திரும்ப வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள்.

அட்டையில் நிறையைப் புள்ளியாக வைத்து இணைத்துக்கொண்டே வருவார்கள். அந்தக் கோட்டில் ஐந்து மாதத்துக்குப் புள்ளி இல்லை. அதற்குப் பிறகு மிகவும் கீழே ஒரு புள்ளி, நேற்றையது.

அந்தப் பிள்ளையின் எண்ணைத் தட்டி, ஏன் இப்படி முடிவு செய்தாய் என்று கணினியைக் கேட்கும் இடத்தை அழுத்தினேன். அது வரிவரியாகச் சொன்னது. கிளினிக் அட்டைப்படி இந்தப் பிள்ளையின் தாய் இன்னார். பிள்ளைக்காம்பராக் கொப்பிப்படி இந்தப் பிள்ளையின் தாய் இன்னார். ஒரு பிள்ளைக்கு ஒரு தாய்தான். ஆகவே இருவரும் ஒருவர். அவர் தூங்குவது பிள்ளையின் காம்பராவில். ஆகவே இது தாயோடு இருக்கும் பிள்ளை.

ஆறு வரி. எந்த வரியிலும் பிழை காணமுடியவில்லை. மூன்றாவது வரி என்னுடையது.

சேர் என் பின்னால் நின்று வாசித்தார். பிள்ளைக்காம்பராக் கொப்பியில் ‘தாய்’ என்ற இடத்தில் யாருடைய பெயரை எழுதுவார்கள் என்று கேட்டார். மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் பதில் சொன்னேன். காலையில் யார் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிறாளோ, அவள் பெயரைத்தான் எழுதுவார்கள். பிள்ளை அழுதால், காய்ச்சல் என்றால், மலையில் எந்த நிரையில் நிற்கிறவளைக் கூப்பிட வேண்டும் என்பதற்காகவே அந்த இடம். பெற்றவளா என்று அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா யோசிப்பதில்லை. தூர நாட்டில் இருக்கிறவளின் பெயரை எழுதி என்ன செய்வது?

“உமக்கு இது முதலே தெரியுமோ?” என்றார் சேர்.

தெரியும். நான் அதே மாதிரி ஒரு பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவள். அம்மா பிரசவத்துக்குப் படுத்திருந்த மாதங்களில் என் பெயருக்கு நேரே பக்கத்துக் காம்பரா அக்காவின் பெயர் இருந்தது. என் மகளின் பெயருக்கு நேரே யாருடைய பெயர் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்த நிரலைத் ‘தாய்’ என்ற உறவோடு இணைத்திருக்கிறேன். தலைப்பில் தாய் என்று போட்டிருந்தது. நான் தலைப்பை வாசித்தேன்.

“தெரியும் சேர்” என்றேன்.

அவர் ஏசவில்லை. “நானும் பாத்தனான்தானே” என்று மட்டும் சொன்னார். ஏசியிருக்கலாம். மிஸ்ஸி குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு, புதன்கிழமை அந்த லயத்துக்குப் போகிறேன், வருகிறதென்றால் வாங்க என்றார்.

அக்காவின் தோட்டமும் எங்கள் திட்டத்தில் இருந்தது. மிஸ்ஸி போனபிறகு என் மகளின் எண்ணைத் தட்டிப்பார்த்தேன். கையே போய்த் தட்டியது. அங்கேயும் அதே ஆறு வரி. அக்காவும் நானும் ஒரே ஆள். எங்களுக்கு இரண்டு பிறந்த வருஷம். காலை ஏழரைக்கு உடப்புசல்லாவையில் கொழுந்து எடுக்கிறோம், எட்டரைக்குக் கொட்டகலையில் தட்டச்சு செய்கிறோம். ஒரு ஆளுக்குப் பிறந்த வருஷம் ஒன்றுதான் என்றும் எழுதி, இரண்டு வருஷமும் ஒன்றல்ல என்றும் அதற்குத் தெரிந்திருந்தால் உடனே முரண்பாடு என்று நின்றிருக்கும். அதை நான் எழுதவில்லை. தாய் ஒன்று என்று மட்டும் எழுதியிருந்தேன். மகள் தாயோடு இருக்கும் பிள்ளை என்று திரையில் இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆறிப்போன தேத்தண்ணீரைக் குடித்தேன்.

புதன்கிழமை மிஸ்ஸியோடு போனேன். வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறவேண்டும். லயத்தில் சின்னம்மா இருந்தாள். என்னைவிட இளையவள். காலில் அட்டை கடித்த இடத்தில் இன்னும் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அரைநாள் லீவு கேட்டு மலையிலிருந்து வந்திருந்தாள். பிள்ளை கட்டிலில் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தது. மிஸ்ஸி தராசைக் கூரைத் துலாத்தில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டு, பிள்ளையைத் தூக்கி அதன் துணிப்பையில் இருத்தினார். அது அழவும் இல்லை. கால் இரண்டும் பையின் ஓட்டைகளில் தொங்கின. மிஸ்ஸி முள்ளைப் பார்த்துவிட்டு அட்டையில் புள்ளி வைத்தார்.

இத்தனை மாதம் கிளினிக்குக்கு ஏன் கொண்டுவரவில்லை என்று சின்னம்மாவிடம் கேட்டார்.

“மாசாமாசம் வருவீங்க. அப்பறம் வரல” என்றாள் அவள். “நீங்க வராததுனால புள்ள தேறிருச்சுன்னு நெனச்சிட்டோம், மிஸ்ஸி.”

மிஸ்ஸி என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததை நான் கவனித்தேன்.

“ஆபீஸ்ல ஒரு பிழ நடந்திருச்சு” என்று சொன்னேன். என் பிழை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவள் பயந்து, பரவாயில்லைங்க மிஸ் என்று சொல்லியிருப்பாள், அதைக் கேட்டுக்கொண்டு நான் நிற்கவேண்டியிருக்கும். அதற்காகச் சொல்லவில்லையா, தைரியம் இல்லாமல் சொல்லவில்லையா தெரியாது. அன்று மத்தியானமே மிஸ்ஸி ஒரு முச்சக்கரவண்டி பிடித்தார். பிள்ளையை என் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மடியில் பாரமே தெரியவில்லை. வாட்டில் விட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முன்பே அலுவலகம் திரும்பிவிட்டேன்.

அன்றிரவும் வியாழக்கிழமை முழுவதும் விதிகளைத் திருத்தினேன். பெற்ற தாய் என்று ஓர் உறவு. அதற்கு மட்டும் ஒன்றுதான் என்ற விதி. காலையில் கொண்டுவந்து விடுபவர் என்று இன்னோர் உறவு. அது யாராகவும் இருக்கலாம், எத்தனை பேராகவும் இருக்கலாம். பிள்ளைக்காம்பராக் கொப்பி முழுவதையும் இரண்டாவது உறவுக்கு மாற்றினேன். உண்மையில் இரண்டு பெயருள்ள ஒரே பெண்களை மிஸ்ஸிமாரிடம் கேட்டுக்கேட்டு கையால் சேர்த்தேன். வேறு வேறு ஆள் என்று தெரிந்தவர்களை வேறு ஆள் என்று சொல்லிவைக்கவும் ஒரு வழி இருக்கிறது. அதையும் செய்தேன். அக்காவின் எண்ணையும் என் எண்ணையும் எழுதி, இவர் அவர் அல்ல என்று ஒரு வரி போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை புதுப் பட்டியல் வந்தது. வட்டகொடைப் பிள்ளை அதில் இருந்தது. விடுபட்டுப்போன மற்றப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். கடைசிக்கு முந்திய எண் என் மகளுடையது.

அப்படி நான் எங்கேயும் எழுதவில்லை. பெற்ற தாய் நான். நான் தூங்குவது கொட்டகலையில். பிள்ளை தூங்குவது உடப்புசல்லாவையில். இந்த மூன்றும் தனித்தனியாக வேறு வேறு பக்கத்தில் இருந்தன. அது சேர்த்து வாசித்தது.

சேர் கீழே தேத்தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். ஒரே ஒரு இடத்தை மாற்றினால் போதும். நான் தூங்கும் இடம் உடப்புசல்லாவை என்று எழுதினால் மகள் பட்டியலிலிருந்து போய்விடுவாள். அடையாள அட்டையில் அந்த விலாசம்தான் இருக்கிறது, எழுதினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். மாற்றினேன். எண் போனது. அந்தத் துணிப்பையில் தொங்கிய கால்கள் நினைவுக்கு வந்தன என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்போது நினைவுக்கு வந்தது அது இல்லை. அறிக்கையில் நான் எழுதிய வரிதான் நினைவுக்கு வந்தது, பட்டியல் சிறிதாகிவிட்டது என்று. பழையபடி கொட்டகலை என்று வைத்தேன். இன்னொரு தடவை மாற்றி, இன்னொரு தடவை பழையபடி வைத்தேன். சேர் படியேறி வரும் சத்தம் கேட்டபோது அது கொட்டகலை என்றே இருந்தது. பட்டியலை அனுப்பினேன்.

வட்டகொடைப் பிள்ளை மூன்று கிழமை வாட்டில் இருந்து வீட்டுக்குப் போனது என்று மிஸ்ஸி சொன்னார். கோடு மெல்ல ஏறுகிறதாம். நடுவில் விட்ட இடம் அப்படியே இருக்கும், அதை யாரும் நிரப்ப முடியாது.

அதற்கடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை நான் அக்காவின் காம்பராவில் இருந்தேன். அந்தப் பகுதி மிஸ்ஸி வந்தார். புதியவர், என்னைத் தெரியாது. கையில் நான் அனுப்பிய பட்டியல். அக்கா அதை எட்டிப்பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஏன்டி, ஒங்க ஆபீஸ்லருந்தே எங்களுக்கு ஆள் அனுப்பிச் சோதிக்கிறியா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை.

மிஸ்ஸி தராசை மாட்டினார். பிள்ளையின் அம்மா எங்கே என்று அக்காவிடம் கேட்டார். அக்கா என்னைக் காட்டினாள். மிஸ்ஸி பட்டியலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“வந்துட்டீங்களா, இல்ல திரும்பப் போவீங்களா?”

“நாளைக்குப் போயிருவேன்” என்றேன்.

அவர் எதையோ எழுதிக்கொண்டார். மகள் துணிப்பைக்குள் உட்கார்ந்து ஆடினாள். அவளுக்கு அது விளையாட்டு. நிறை சரியாக இருந்தது, வயதுக்குக் கொஞ்சம் கூடவே. மிஸ்ஸி புள்ளியை வைத்து, முந்திய புள்ளியோடு இணைத்தார். இறக்குவதற்கு அக்காவும் நானும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். நான் கையை எடுத்துக்கொண்டேன். பிறகு, எடுத்திருக்கக்கூடாதோ என்று நினைத்தேன். அதற்குள் அக்கா அவளை இறக்கிவிட்டு, சத்துமாப் பையை வாங்கி அடுப்புப் பக்கம் தட்டில் வைத்தாள்.